காளான் பைக்கு நிலமும் பொழுதும்

காட்டில் மறைந்திருந்த குமணனைக் கண்டு பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றில் 164ஆவதாக வைக்கப்பட்டுள்ளது. சமைப்பதை மறந்தே போன தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்திருப்பதை அதில் புலவர் சொல்கிறார். காளானுக்கு அவர் ஆளும் சொல் ஆம்பி. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணனின் பாழ்பட்ட அட்டிலிலும் இந்த ஆம்பி உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக இவ்விரண்டு இடங்களையும் வகுப்பில் நடத்திவருகிறோம். அடுக்களையில் காளான் பூத்தால் அவ்வீட்டில் பசி என்று பொருள். அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தோம்.

இப்போதோ, கைக்காசு கொடுத்து ஒரு காளான் பையை வாங்கி, அடுப்படிக்குப் பக்கத்துத் திண்டின்மேல் வைத்து, இன்னும் பூக்கவில்லையே என்று காலையும் மாலையும் எட்டிப் பார்க்கிற நிலைக்கு வந்திருக்கிறோம். அப்படி எட்டிப் பார்த்த நாள்களில்தான் சாத்தனாரின் அடுப்பு வேறு விதமாகத் தெரியத் தொடங்கியது. காளானின் இடத்திலிருந்து அந்த வீட்டைப் பாருங்கள். தீ மூட்டாத அடுப்பில் சூடும் புகையும் இல்லை. பராமரிப்பற்ற கூரை வழியே ஈரம் இறங்கியிருக்கும். இற்றுப்போன சுவர் வழியே காற்று தடையின்றி வந்து போயிருக்கும். வெயில் நேரே படாமல், முழு இருளும் ஆகாமல் ஒரு மங்கிய வெளிச்சம் இருந்திருக்கும். வறியவன் வீட்டில் தானே அமைந்துவிட்ட இந்த நான்கையும், விலை கொடுத்து வாங்கிய ஒரு பைக்கு நம்மால் அமைத்துக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தோல்வியைப் பற்றியும், அதற்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறோம். தமிழ் படித்தவனுக்குக் காளான் எதற்கு என்று நம் இல்லத்தரசி ஏற்கெனவே கேட்டாயிற்று. நீங்களும் கேட்க வேண்டாம்.

பையை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. அவித்து ஈரம் வடித்த வைக்கோலை ஒரு பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக நிரப்பி, இடையிடையே காளான் வித்தைத் தூவி, வாயைக் கட்டி வைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பூசண இழைகள் வைக்கோல் முழுதும் பரவி, பை பஞ்சு பொதிந்ததுபோல் வெளுத்துவிடும். கடினமான பகுதி அதோடு முடிந்தது. அந்நிலையில்தான் பை நம்மிடம் விற்கப்படுகிறது. பிளேடால் நான்கு கீறல் போட்டு நீர் தெளித்து வந்தால், கீறல்களில் மொட்டு அரும்பி, அரும்பிய மூன்று நான்கு நாளில் சிப்பி சிப்பியாகக் காளான் விரியும். ஒரே பையில் இரண்டு மூன்று முறை பறிக்கலாம். நன்றாகப் பேணினால், உள்ளே வைத்த உலர் வைக்கோலின் எடைக்குக் கிட்டத்தட்ட நிகரான காளான் கிடைக்கும்.

பையின்மேல் ஒட்டிய தாளில் செய்முறை இருக்கிறது. நாம் வாங்கிய பையில் இருந்தது ஆங்கிலத்தில். அதன் கீழே ஒரு கியூஆர் குறியீடு. அறை வெப்பநிலையில் நிழலில் வைக்கவும், நாளுக்கு இருமுறை நீர் தெளிக்கவும், மூன்று முதல் ஐந்து நாளில் மொட்டு வரும் என்பது அதன் சாரம். அறை வெப்பநிலை என்றால் எந்த ஊர் அறையின் வெப்பநிலை? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கீழே சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கிறது. மேலே நாம் 1500 மீட்டரில் இருக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை பாகை குளிரும் என்பது பொதுக்கணக்கு. ஆக, ஒரே நாளில், ஒரே மாவட்டத்தில், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடிய தொலைவில், இரண்டு அறை வெப்பநிலைகளுக்கிடையே எட்டு பாகை வேறுபாடு. கோடையிலும் இங்கே 30 பாகையைத் தாண்டுவது அரிது. மார்கழி, தை இரவுகளில் 13 வரை இறங்கும்.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைத்தார். கருவும் உரியும் அவற்றுக்குப் பின்னேதான். இந்தப் பாகுபாட்டைப் பருவத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவர்கள் அதைக் கவிதைக்கு மட்டும் உரிய இலக்கணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படித்தான் இருந்தோம். காளான் பையின் தாளைப் படித்தபோதுதான், முதற்பொருள் இல்லாத உரைநடை எப்படி இருக்கும் என்பது விளங்கிற்று. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்கிறது இலக்கணம். சேர்வராயன் மலையில் காளான் பை நம்மைக் கைவிடும் பருவமும் அதுவே.

நம் முதல் பை சித்திரையில் வந்தது. சன்னல்கள் திறந்திருந்த காலம். ஒரு குறையும் இன்றிப் பூத்தது. பறித்து மிளகு போட்டு வறுத்துத் தின்றோம். வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசினோம். கார்த்திகையில் இரண்டு பைகள் வாங்கி, ஒன்றை நாம் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். மழைநாளில் வேலை இருக்காது. இது நன்றாக வந்தால் பத்துப் பையாக வைத்து, கோடைக்கு வரும் விடுதிக்காரர்களுக்கு விற்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பையோடு நாம் அறிவுரையும் கொடுத்தோம். குளிர் ஆகாது, சன்னலை அடைத்து வையுங்கள். இருட்டான மூலை நல்லது. வெளியே இத்தனை பனிமூட்டம் இருக்கையில் தண்ணீர் அதிகம் வேண்டாம். மூன்றும் தவறு.

பனியைப் பற்றிய தவறை முதலில் சொல்லிவிடுகிறோம்; ஏனெனில் மலையில் வாழும் எவரும் அதைச் செய்வார்கள். சன்னலுக்கு வெளியே ஏரி தெரியாத அளவுக்கு மூட்டம் நிற்கிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. இதில் காளானுக்கு ஈரம் போதாது என்று யார் நம்புவார்கள்? கல்லூரியில் இயற்பியல் துறை நண்பர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 15 பாகையில் மூட்டமாக நிற்கும் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு நூறு. அதே காற்று வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பெரியும் அறையில் 22 பாகைக்குச் சூடேறுகிறது. அதிலுள்ள நீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சூடான காற்று முன்னைவிட அதிக நீரைத் தாங்க வல்லது. ஆகவே அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 65 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. சிப்பிக்காளான் கேட்பது 80 முதல் 90 விழுக்காடு. வெளியே மூட்டம் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே நம் பையின் மொட்டுகள் குண்டூசித் தலை அளவிலேயே மஞ்சளித்துச் சுருங்கிக் காய்ந்துபோன மர்மம் இவ்வளவுதான். அடுப்பே மூட்டாத, சுவர் வியர்க்கும் பின்னறையில் வைத்திருந்தால் கதை நேர்மாறாகியிருக்கும். அங்கே தாளில் சொன்னபடி இருமுறை தெளித்தால் குடையின்மேல் நீர் தேங்கி, பழுப்புப் புள்ளி விழுந்து, கொழகொழவென்று அழுகிவிடும். ஒரே வீட்டில் இரண்டு அறைக்கு இரண்டு விதி. முகம் பார்க்கும் கடிகாரம் போன்ற சிறிய ஈரப்பதமானி ஒன்று இன்று பெரிய விலையில்லை. பையோடு அதையும் சேர்த்து விற்றால் குறைந்தா போய்விடுவார்கள்?

இருட்டு மூலை என்னும் அறிவுரை நமக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் பார்த்தோம். காளான் வளர்ப்புக் கையேடுகளில் இருட்டு அறை உண்மையிலேயே உண்டு. ஆனால் அது வித்து பரவும் முதற்கட்டத்துக்கு உரியது. அப்போது பூசண இழைக்கு வெளிச்சம் வேண்டாம்; கரியமில வாயு மிகுந்திருந்தாலும் கவலையில்லை. இழை பரவி முடிந்து மொட்டு விடும் கட்டம் வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. வெளிச்சமும் காற்றும் வேண்டும். வெப்பமும் சற்றுக் குறைய வேண்டும். வீட்டுப்பை வாங்குபவர் கையில் கிடைப்பது இரண்டாம் கட்டத்துப் பை. அவர் காதில் விழுவதோ முதற்கட்டத்துக்கான விதி. எவ்வளவு வெளிச்சம் என்றால், செய்தித்தாளைச் சிரமமின்றிப் படிக்கும் அளவு என்கிறார்கள். நம் போன்றோருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறு ஏது? பையருகே அமர்ந்து புத்தகம் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடைத்த சன்னல்தான் பெரும்பிழை. காளான் செடியன்று; அது நம்மைப்போலவே உயிர்வளியை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. வெளிக்காற்றில் இவ்வாயு பத்து இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. சிப்பிக்காளான் விரியும் அறையில் அது 1000 பங்குக்குள் இருப்பது நலம். குளிருக்கு அஞ்சிக் கதவும் சன்னலும் அடைத்து இருவர் உறங்கும் சிறிய அறையில் விடிவதற்குள் அந்த எல்லை எளிதாகக் கடந்துவிடும். அடுப்பும் அதே அறையில் என்றால் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்கு ஏங்கும் காளான் கழுத்தை நீட்டுகிறது. காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, குடை மட்டும் பொத்தான் அளவில் நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பையில் அதுதான் நேர்ந்தது. கொத்துக் கொத்தாக, மான்கொம்பு போல, குடையே இல்லாத வெளிறிய கிளைகள்.

அந்த அம்மையார் பையை எடுத்துவந்து நம் திண்ணையில் வைத்தார். "என் கை ராசியில்லாத கைங்க சார். எங்க மாமியார் அப்பவே சொன்னாங்க" என்றார். மாமியார் சொன்னது என்னவென்று அவர் சொல்லவில்லை. நம் இல்லத்தரசியிடம் தனியே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு விலக்கான நாளில் பையைத் தொட்டுவிட்டதால் காளான் பேய்பிடித்ததுபோல் வளர்ந்ததாம். ஊறுகாய் பூசணம் பூத்தாலும், கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனாலும் நம் வீடுகளில் இந்தக் குற்றச்சாட்டு எழுவது நீங்கள் அறியாததன்று. நமக்குச் சுருக்கென்று தைத்தது வேறொன்று. அவர் பழியைத் தம் கையின்மேல் போட்டுக்கொண்டு நின்றபோது, சன்னலை அடைக்கச் சொன்னவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். உண்மையை அன்றே சொல்லியிருக்க வேண்டும். வித்து சரியில்லை போலிருக்கிறது என்று மழுப்பி அனுப்பிவிட்டோம். அப்போது நமக்கும் காரணம் முழுதாகத் தெரியாது என்பது சமாதானமே தவிர நியாயமாகாது.

தாளின்மீது நாம் கொண்ட சினம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. விற்பவருக்கு ஒரு பை தவறினால் ஒரு பைதான் நட்டம். வாங்கியவரோ, மூன்றாம் நாள் மொட்டு வரும் என்ற வரியைப் படித்துவிட்டு ஐந்தாம் நாள் பையைக் குப்பையில் எறிகிறார். 17, 18 பாகைக் குளிரில் மொட்டு வர எட்டு நாளோ பத்து நாளோ ஆகலாம் என்ற ஒரு வரியை அச்சிட்டிருந்தால் எறிந்திருக்க மாட்டார். அச்சிடாத அந்த வரியின் சுமை முழுதும் கைராசி என்ற சொல்லாக மாறி, வீட்டில் யார் தோள் எளிதோ அந்தத் தோளில் ஏறிவிடுகிறது.

இத்தனைக்கும் காளானை ஊரோடு சேர்த்துப் பார்க்கும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1917ஆம் ஆண்டு மரக்கட்டையின்மேல் வளர்க்கப்பட்ட சிப்பிக்காளானை, 1962ஆம் ஆண்டளவில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் நாட்டு வைக்கோலுக்குப் பழக்கினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட காளான் வகைகளின் பெயர்களைப் பாருங்கள்: கோ 1, எம்டியு 1, ஏபிகே 1, ஊட்டி 1. கோவை, மதுரை, அருப்புக்கோட்டை, உதகை. கோவூர் கிழார், மாங்குடி மருதனார் என்று புலவர் பெயருக்கு முன் ஊர் நிற்பதுபோல, காளானுக்கு முன்னும் ஊர் நிற்கிறது. ஏபிகே 2 என்பது பால்காளான். மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974ஆம் ஆண்டு அறிவியல் பெயர் பெற்ற அதை, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தார் கரிசல் நிலத்து வெயிலுக்கு ஏற்ற வகையாக 1990களின் இறுதியில் வெளியிட்டார்கள். 30 முதல் 35 பாகை அதற்கு உகப்பு. ஊட்டி 1 மொட்டுக்காளான். அது குளிர்நாட்டுப் பிள்ளை. ஊரைச் சொன்னாலே பாதிப் பக்குவம் விளங்கிவிடும். கடைப் பைக்கு வந்து சேரும்போது அந்த ஊர்ப்பெயர் உதிர்ந்து, வண்ணப் படமும் சத்துப் பட்டியலும் மட்டுமே மிஞ்சுகின்றன. நமக்குத் தெரிந்த ஒருவர் சேலத்தில் பால்காளான் பை ஒன்றை வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். ஐப்பசியில் வைத்த பை தை வரை கல்போல் இருந்தது. சிப்பியா பாலா என்று அவர் கேட்கவுமில்லை, விற்றவர் சொல்லவுமில்லை.

ஒரு துணைக்குறை. மலையில் விற்கும் பைகளுக்குள் இருக்கும் வைக்கோல் சமவெளியிலிருந்து ஏறி வருகிறது. காப்பிப் பழத்தின் தோலிலும் சிப்பிக்காளான் வளரும். காப்பி விளையும் பல நாடுகளில் வளர்த்தும் காட்டியிருக்கிறார்கள். கோக்பர்ன் காலந்தொட்டு இருநூறு ஆண்டாகக் காப்பி பயிராகும் மலை இது. இங்கே பழுத்தது இங்கேயே பூக்க வழி செய்தால் என்ன என்று தோன்றுகிறது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள், விட்டுவிடுவோம்.

மார்கழியில் கல்லூரி விடுமுறை. இரண்டு பைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் வேலை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். காளானுக்கு நாம் கண்டவை நான்கே. காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. மொட்டு மஞ்சளித்துச் சுருங்கினாலோ, குடையின் விளிம்பு வெடித்தாலோ ஈரம் போதவில்லை. பழுப்புப் புள்ளியும் பிசுபிசுப்பும் கண்டால் நீர் மிகுந்துவிட்டது. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பறிக்கும் நேரம் தப்பிவிட்டது. இந்தக் கடைசிக் குறியை அலட்சியம் செய்யலாகாது. முற்றிய காளான் வெண்துகளாக வித்துகளை உதிர்க்கும். அடைத்த அறையில் அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமலும் இழுப்பும் வரும். ஆத்துமா நோய் உள்ள வீட்டில் படுக்கையறையில் பை வேண்டவே வேண்டாம். பச்சைப் பூசணம் படர்ந்த பையைத் தயங்காமல் வீட்டைவிட்டு அகற்றிவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பையில் விளைந்ததைப் பறித்துப் பழகிய துணிவில், மழை விட்ட மறுநாள் தோட்டத்து மரத்தடியில் முளைத்ததைப் பறித்துக் குழம்பு வைக்கக் கூடாது. அந்த வாசிப்பு வேறு. அதில் பிழைத்தால் திருத்திக்கொள்ள நாம் இருக்க மாட்டோம்.

பரிகாரம் எளிதாகவே இருந்தது. பையை அடுப்படியிலிருந்து நீக்கி, முன்னறைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில், காற்று நேரே அறையாத இடத்தில் கட்டித் தொங்கவிட்டோம். சன்னலில் ஒரு கதவை இரவும் பகலும் நான்கு விரற்கடை திறந்து வைத்தோம். துளையிட்ட பழைய பாலித்தீன் தாளைக் கூடாரம்போல் பையைச் சுற்றித் தளர்வாகத் தொங்கவிட்டு, அருகே ஈரச்சாக்கு ஒன்றையும் கட்டினோம். நீரை மொட்டின்மேல் தெளிக்காமல் சாக்கின்மேலும் தாளின் உட்புறத்திலும் தெளித்தோம். ஒன்பதாம் நாள் மொட்டு. பதினைந்தாம் நாள் காலை, குடம் கவிழ்த்ததுபோல் ஒரு கொத்து, உள்ளங்கை அகலத்தில். மாமியார்கள் குளிருக்கு அஞ்சும் அந்த நான்கு விரற்கடைச் சந்துதான் வேலை செய்தது. பறிக்கும்போது கத்தி வைக்காமல், கொத்தைப் பிடித்து மெல்லத் திருகி எடுத்தோம். அடிக்கட்டை பையில் தங்கினால் அழுகி அடுத்த பூப்பைக் கெடுக்கும்.

அந்தக் கொத்தை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனோம். மாமியாரும் இருந்தார். கார்த்திகையில் நாம் சொன்ன மூன்று அறிவுரைகளும் தவறு என்பதை அவர் எதிரிலேயே சொன்னோம். தமிழ் வாத்தியாருக்குக் காளானைப் பற்றி என்ன தெரியும் என்றார் அம்மூதாட்டி. மறுக்க இயலாத கருத்து. பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஏற்காடு, முன்பனிக் காலம் என்று தலைப்பில் நிலமும் பொழுதும். அதன்கீழ் ஆறு வரி. சிப்பிக்காளான் மட்டும். அடுப்புள்ள அறை ஆகாது. சன்னல் நான்கு விரற்கடை. செய்தித்தாள் படிக்கும் வெளிச்சம். சாக்குக்கு நீர், மொட்டுக்கு இல்லை. பத்து நாள் பொறுக்கவும். விற்பவர்கள் ஊருக்கும் பருவத்துக்கும் தனித்தனியாக இப்படி ஆறு வரி அச்சிட எத்தனை காசு பிடிக்கும் என்று தெரியவில்லை. வண்ணப் படத்துக்குப் பிடிப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தை பிறந்து இரண்டாம் வாரம் அந்த அம்மையார் சேலம் போய்த் தாமே இரண்டு பைகள் வாங்கி வந்தார். சிப்பியா என்று கேட்டு, பூசணம் இல்லையென்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினாராம். ஒன்றில் நேற்று மொட்டு கண்டிருக்கிறது. திறந்த சன்னலுக்காக மாமியார் இரவெல்லாம் முணுமுணுக்கிறார் என்று கேள்வி. கம்பளி ஒன்று அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள்.